சேதுக் கரையோரம் சங்கும் சிப்பியும்

இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கடல் இரண்டு பக்கமாக அமைந்திருக்கிறது. வடக்கே தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம் வரையில் பாக் விரிகுடா. தெற்கே பாம்பனிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாக மூக்கையூர் நோக்கிச் செல்லும் மன்னார் வளைகுடா. கோவில்களுக்காகப் பலமுறை சென்ற ஊர்கள்தாம் என்றாலும், இம்முறை கரையில் ஒதுங்கும் ஓடுகளைப் பார்ப்பதற்கென்றே சென்றேன். விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, அலையும் அடங்கியது. அடியில் சேறும் கடற்புல்லும் இருப்பதால், அரியமான் கரையில் மிக மெல்லிய மட்டி ஓடுகள்கூட விளிம்பு சிதையாமல் கிடக்கின்றன. வளைகுடாப் பக்கமோ அலை ஓங்கியது. அங்கே முழுதாகக் கரை சேர்பவை பெரும்பாலும் தடித்த சுவருடைய சங்கினங்களே.

தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயலில் இடிந்துபோன தேவாலயத்தின் சுவர்கள் பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்டவை. அதைத் தாண்டி மணலில் நடந்தபோது, கட்டைவிரல் நகத்தின் அளவேயுள்ள மட்டி ஓடு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கீல் இருந்த முனைக்கு அருகில், தச்சர் துளையிட்டதைப் போல வட்டமான ஒரு துளை. வெளிப்புறம் அகன்றும் உட்புறம் குறுகியும் சரிவாக இறங்கிய அதன் விளிம்பு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. மணலுக்குள் ஊர்ந்து திரியும் ஒரு வகைக் கடல் நத்தையின் வேலை அது. மட்டியைத் தன் பாதத்தால் பற்றிக்கொண்டு, அமிலம் கசியவிட்டு ஓட்டினை இளக்கி, அரம் போன்ற நாவால் சுரண்டிச் சுரண்டித் துளைத்து, உள்ளிருக்கும் சதையை உண்டுவிடும். கடற்கரைச் சிறுவர்கள் நூலில் கோத்து மாலையாக்கும் ஓடுகளில் பலவற்றுக்கு இப்படித்தான் துளை கிடைத்திருக்கிறது.

சற்றுத் தொலைவில் வெண்மையான, நீள்வட்டமான கணவாய் ஓடுகள் கிடந்தன. கணவாயின் ஓடு உடலுக்கு வெளியே இருப்பதில்லை. முதுகின் உள்ளே இருந்து, நுண்ணிய அறைகளில் காற்றையும் நீரையும் மாற்றி மாற்றி வைத்து அது மிதப்பதற்கு உதவுகிறது. சித்த மருத்துவத்தில் கடல்நுரை என்று வழங்குவது இதுவே. கூண்டுக்கிளிகள் கொத்துவதற்காக இதைக் கம்பியில் செருகி வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

எல்லா ஓடும் ஒரே பொருளால் ஆனதன்று. சங்கு, சிப்பி, சோழி ஆகியவற்றின் ஓடும், நாம் நாள்தோறும் உடைக்கும் கோழி முட்டையின் ஓடும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. நண்டின் ஓட்டுக்கு அடிப்படை கைட்டின் என்னும் உறுதியான நார்ப்பொருள். அது உடலோடு சேர்ந்து வளராததால், நண்டு அவ்வப்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியது இறுகும் வரை ஒளிந்திருக்க வேண்டியிருக்கிறது. ஆமை ஓட்டில் விலா எலும்பும் முதுகெலும்பும் ஒன்றாக இணைந்திருப்பதால் ஆமை அதைவிட்டு வெளியேறவே முடியாது. சங்குப்பூச்சிக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. வாய்ப்புறத்து விளிம்பில் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. குஞ்சாக இருந்தபோது கட்டிய முதல் சுருள் உச்சியில் அப்படியே நிற்கிறது. முழு வாழ்க்கையையும் ஒரே பொருளில் இவ்வளவு ஒழுங்காகக் காட்டும் உயிர்கள் மிகச் சிலவே என்பதால், ஓடுகளில் சங்கினத்தையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

கீழக்கரையில், சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து நீண்ட நேரம் பேசினார். “உசுரோட வர்ற சங்கப் பாத்தா, இதுதான் சங்குன்னு ஒங்களால சொல்ல முடியாது தம்பி” என்று சொல்லி, உள்ளிருந்து ஒன்றை எடுத்துவந்து கையில் கொடுத்தார். வெண்மை என்பதே அதில் இல்லை; பழுப்பு நிறத்தில், தொட்டால் சொரசொரக்கும் தோல் ஒன்று முழுவதும் போர்த்தியிருந்தது. அந்தத் தோலை நீக்கித் தேய்த்த பிறகே, பூசையறையில் நாம் காணும் வெண்சங்கு வெளிப்படுகிறது. மணற்பாங்கான அடித்தரையில் பாதி புதைந்து, புழுக்களை உண்டு வாழும் இந்தச் சங்கு இடும் முட்டைக்கூட்டைக் குளிப்பவர்கள் சங்குப்பூ என்கிறார்கள். அடுக்கடுக்கான வளையங்களாலான நீண்ட கூடு அது. ஒவ்வோர் அறையிலும் பல முட்டைகள் இருந்தாலும் சில மட்டுமே குஞ்சாகின்றன. மற்றவை அவற்றுக்கு உணவாகிவிடுகின்றன. நீந்தித் திரியும் பருவம் இல்லாமல், சிறிய சங்காகவே அவை கூட்டைவிட்டு வெளிவருகின்றன. ஓரிடத்துச் சங்கை அடியோடு வாரிவிட்டால், வெகுதொலைவிலிருந்து குஞ்சுகள் மிதந்துவந்து அந்த இடத்தை நிரப்புவதற்கு வழியில்லை என்பதே இதன் பொருள். சிறிய சங்குகளைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று அந்தப் பெரியவர் அழுத்திச் சொன்னதன் நியாயம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

இங்கே எடுக்கப்படும் சங்கு காலங்காலமாக வங்காளத்துக்குச் செல்கிறது. அங்கே வளையலாக அறுக்கப்பட்டு, மணமான இந்துப் பெண்களின் கைகளுக்குப் போகிறது. இதே தொழில் ஒரு காலத்தில் இந்தக் கரையிலும் இருந்தது. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்து அகழாய்வில், ரோமானிய நாணயங்களோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. நம் வீடுகளிலோ பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டியதும் சங்கு, இறந்தவர் வீட்டில் ஊதுவதும் சங்கு. கார்த்திகைச் சோமவாரத்தில் சிவனுக்குச் செய்யும் முழுக்குக்கும் அதுவே.

கிளிஞ்சலை யாரும் இவ்வளவு போற்றுவதில்லை. ஆயினும் அதைக் கரியோடு அடுக்கிச் சூளையில் சுட்டு, நீர் தெளித்துப் பொங்கவைத்த சுண்ணாம்புதான் வெற்றிலைக்கும், செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப்பூச்சுக்கும் பயன்பட்டது.

இராமேசுவரம் அக்னி தீர்த்தத்துக்கு அருகிலுள்ள கடைகளில் இவையெல்லாம் மெருகேறி வரிசையாக நிற்கின்றன. வாங்குவோர் இரண்டு செய்திகளை அறிந்திருப்பது நல்லது. சுருண்ட ஓடுடைய கடலுயிரான நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி போன்றவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை; அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். மற்றொன்று வலம்புரி பற்றியது. சங்கின் நீண்ட முனை மேலே இருக்கும்படி, வாய் நம்மை நோக்கியிருக்கப் பிடித்தால், சாதாரணச் சங்கில் திறப்பு இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் திறப்பவையே வலம்புரி; அவை மிக அரியவை. ஆனால் அமெரிக்கக் கரையில் வாழும் வேறோர் இனத்துக்கு வலப்பக்கத் திறப்பே இயல்பு. அதை வலம்புரி என்று கூறி விற்பவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் கடற்சங்கில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரிசையாகத் தட்டுப்படும். அந்த அயல் இனத்தின் தண்டு வழவழவென்றிருக்கும்.