எட்டு மாதமாக நகராத திகதி

என் கைத்தொலைபேசியின் அமைப்புகளில் ‘பாதுகாப்புப் புதுப்பிப்பு’ என்ற வரிக்குக் கீழே எட்டு மாதங்களாக ஒரே திகதிதான் நிற்கிறது. வங்கிச் செயலியும் அம்மாவின் மருந்துச் சீட்டுகளும் அதற்குள்ளேயே இருப்பதால், அந்தத் திகதியைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை தெரியவந்த 2015ஆம் ஆண்டில்தான் கூகுள், என் தொலைபேசியை இயக்கும் அன்ட்ரொயிட் மென்பொருளுக்கு மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. அந்தத் திருத்தத்தைத் தொலைபேசி நிறுவனம் தன் ஒவ்வொரு மாடலுக்கும் பொருத்திச் சோதித்த பின்னரே நமக்கு அனுப்ப முடியும் என்பதால், சில வாரத் தாமதத்தை நான் குறை சொல்லமாட்டேன். எட்டு மாதம் என்பது அலட்சியம்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள, அந்த நிறுவனத்தின் சேவை நிலையத்தில் இரண்டு மணிநேரம் காத்திருந்தேன். கையிலிருந்த இலக்கத் துண்டு வியர்வையில் நனைந்து எழுத்தே அழிந்துவிட்டது. “அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டு ரீசெட் பண்ணிப் பாருங்கோ” என்றார் அங்கிருந்த தம்பி. அவரில் பிழையில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். தொலைபேசியில் அழைத்தாலோ, தமிழுக்கான இலக்கத்தை அழுத்திய பிறகும் சிங்களத்தில்தான் பதில் வருகிறது. ஒவ்வொரு முறையும் புதிய முறைப்பாட்டு இலக்கம் தருகிறார்கள், பழையதை எவரும் திறந்து பார்ப்பதில்லை.

இதுவரை தந்த நான்கு முறைப்பாட்டு இலக்கங்களையும் பற்றுச்சீட்டையும் எடுத்துவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன்.