ஐ.சி.யூ. வாசல்: தர்மபுரி உதவி மேசைக் குறிப்புகள்

ஜூன் 3

நோயாளியை உள்ளே சேர்த்ததும் வெளியே முதல் வேலை காகிதம்தான். குடும்ப அட்டை, ஆதார், முதல்வர் காப்பீட்டு அட்டை மூன்றின் அசலையும் அன்றைக்கே காப்பீட்டு மேசையில் காட்டிவிடுங்கள். காப்பீட்டு அட்டை இல்லையா? ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம். அடிக்கடி சிக்குவது புது மருமகள்கள். புகுந்த வீட்டு அட்டையில் பெயர் ஏறியிருக்காது, பிறந்த வீட்டு அட்டையோ பென்னாகரத்தில் இருக்கும். பெயர் எந்த அட்டையில் இருக்கிறதோ அதைத்தான் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

தொப்பூர் கணவாய்ச் சாலை விபத்து என்றால் கணக்கு வேறு. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. விபத்து தமிழக எல்லைக்குள் நடந்திருந்தால் போதும், பெங்களூருக்காரருக்கும் உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். 48 மணி நேரம் முடிந்த பிறகு எந்தக் கணக்கில் சிகிச்சை தொடரும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

ஜூன் 6

டாக்டரிடம் பேச வீட்டுக்கு ஒரே ஆள். மாமா காலையிலும் சித்தப்பா சாயந்திரமும் தனித்தனியாகக் கேட்டால், மறுநாள் “அவரு பொழைச்சிருவாருன்னாரு, இவரு கஷ்டம்னாரு” என்று சண்டை வரும். பேசுகிறவர் நோட்டில் தேதி போட்டு மூன்றே கேள்வி எழுதிக்கொண்டு போகட்டும்: நேற்றைவிட இன்று எப்படி? மூச்சு, பி.பி., சிறுநீர் இந்த மூன்றில் எதற்கு மெஷினோ மருந்தோ தேவைப்படுகிறது? அடுத்து என்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கும்?

டாக்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரான்சில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, இறக்கும் நிலையில் இருந்தவர்களின் குடும்பங்களைப் பற்றியது. குடும்பத்தைப் பேசவிட்டுக் கேட்கும் முறையில் சந்திப்பு நடத்தி, கையில் ஒரு சிறு கையேடும் கொடுத்தார்கள். உறவினர்கள் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 ஆனது. மூன்று மாதம் கழித்து அவர்களிடம் மன உளைச்சல் குறைவாக இருந்தது. அதற்காகச் சந்திப்பு வழக்கத்தைவிட நீண்டது பத்து நிமிடம்தான்.

ஜூன் 9

பூச்சிமருந்து கேஸ். மருந்து டப்பாவை, கிடைக்காவிட்டால் லேபிள் படத்தையாவது கொண்டுவர வேண்டும். மருந்து பட்ட சட்டையைப் பாலித்தீன் பையில் கட்டுங்கள், தோல் வழியாகவும் விஷம் ஏறும். போலீஸுக்குப் பயந்து மருந்தின் பெயரை மறைப்பதுதான் பெரிய தொல்லை. ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) பதிவு எப்படியும் நடக்கும். ஆனால் 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிப்பதற்கு அல்ல.

விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஓடும்போது நோயாளி உளறுவார், கையை உதறுவார், வாய் வறளும். புத்தி பேதலித்துவிட்டது என்று அழ வேண்டாம், பெரும்பாலும் மருந்தின் விளைவு. அதைவிட ஆபத்து, தெளிந்து பேச ஆரம்பித்ததும் “கூட்டிட்டுப் போறோம்” என்று கையெழுத்துப் போடுவது. சில பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகளில் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசை தளர்ந்து, பிறகு மூச்சே நிற்கும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நான்கு நாள் தாண்டாமல் வீட்டுப் பேச்சே வேண்டாம். “ஏன் இப்படிப் பண்ணின” என்பதும் கட்டில் பக்கத்தில் வேண்டாம்.

ஜூன் 12

உள்ளே போகுமுன் முழங்கை வரை சோப்பு, மோதிரம் வளையல் கழற்றி. திருநீறு நெற்றியில் வைக்க நர்ஸிடம் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். தீர்த்தம் மட்டும் வாயில் விடவே கூடாது, ஒரு ஸ்பூன் நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியா வரலாம். மயக்க மருந்தில் இருந்தாலும் பெயர் சொல்லிப் பேசுங்கள்.

வெளியே காத்திருக்கும் அம்மாக்கள் தங்கள் சர்க்கரை மாத்திரையை விடுகிறார்கள். மாத்திரை போட்டீர்களா என்று அவர்களிடமும் கேட்கிறோம்.

ஜூன் 16

“தொண்டையில ஓட்டை போடணுங்கறாங்க” என்றதும் பாதிக் குடும்பங்கள் மறுக்கின்றன. மூச்சுக்காக வாய் வழியே போட்ட குழாய் ஒரு வாரம், பத்து நாள் தாண்டினால் தொண்டை புண்ணாகும், சளி எடுப்பதும் சிரமம். துளை போட்டால் மயக்க மருந்தைக் குறைக்கலாம். பேச்சு வராதது, காற்று குரல்நாணைத் தொடாமல் குழாய் வழியே போவதால். குழாயை எடுத்தபின் பெரும்பாலோருக்குத் துளை தானே மூடிக்கொள்ளும்.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் வீட்டில் இருவர் சளி உறிஞ்சப் பழகிய பிறகே டிஸ்சார்ஜ் கேளுங்கள். கரண்ட் போகும் ஊர் என்றால் காலால் மிதிக்கும் சக்ஷன் கருவியும் வேண்டும், உபரிக் குழாய் ஒன்றும். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சை வரும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள்.