விண்மீன்களுக்குப் போகும் முன் அரிசோனாவைப் பார்ப்போம்

சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. 4.24 ஒளியாண்டு தூரம். அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். அங்கே மனிதர்கள் எப்போது போவார்கள் என்று யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு எஞ்சினில் தொடங்கி எஞ்சினிலேயே முடிந்துவிடுகிறது. எனக்கோ அதைவிடப் பெரிய சிக்கல் கப்பலுக்குள்ளே இருக்கும் காற்றும் சோறும்தான் என்று படுகிறது.

வேகக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அந்த வேகத்தில் பிராக்சிமா வரைக்குமான தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 75,000 ஆண்டு ஆகும். சூரியனை ஆராயப் போன பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பரில் நொடிக்கு சுமார் 192 கிலோமீட்டரைத் தொட்டது, ஆனால் அது சூரியனின் ஈர்ப்பு இழுத்துக் கொடுத்த வேகம், வெளியே போகும்போது கையில் நிற்காது. சரி, அணுக்களை ஒன்றோடொன்று இணைத்து ஆற்றல் எடுக்கும் அணு இணைவு எஞ்சின்? 1970-களில் பிரிட்டனில் டீடலஸ் என்று ஒரு திட்டம் வரைந்தார்கள். 54,000 டன் கப்பல், அதில் 50,000 டன் எரிபொருள்தான். ஒளியின் வேகத்தில் 12 சதவீதத்தில் பறந்து 50 ஆண்டில் பர்னார்டு விண்மீனை எட்டும். ஆனால் அதில் ஆள் கிடையாது, நிறுத்தவும் வழி கிடையாது, போன வேகத்திலேயே விண்மீனைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் தூசி. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போகும் கப்பல்மீது ஒரு மில்லிகிராம் தூசி மோதினால், 100 கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்த அளவுக்கு ஆற்றல் வெளிப்படும்.

அதனால்தான் மெதுவாகப் போகலாம், தலைமுறை தலைமுறையாகக் கப்பலிலேயே பிறந்து வாழ்ந்து சாகலாம் என்ற யோசனை வருகிறது. ஃபிரெடரிக் மரின் என்ற வானியலாளர் 2018-இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார். பார்க்கரின் வேகத்தை வைத்துக்கொண்டால் 6,300 ஆண்டுப் பயணம், மரபுவழிக் கோளாறு இல்லாமல் போய்ச் சேரக் கிளம்பும்போது குறைந்தது 98 பேர் வேண்டும் என்று விடை வந்தது. 98 பேர் என்றதும் கைக்கு எட்டும் எண்ணிக்கையாகத் தெரிகிறது. ஆனால் அந்த 98 பேருக்கும் மூச்சுக் காற்று?

இதை நாம் ஒருமுறை பூமியிலேயே செய்து பார்த்திருக்கிறோம். அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்று மூன்று ஏக்கருக்குக் கண்ணாடிக் கூடாரம் கட்டி, உள்ளே ஒரு குட்டி மழைக்காடு, ஒரு குட்டிக் கடல், வயல் எல்லாம் வைத்து, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் ஒருவருக்குக் கதிரடிக்கும் இயந்திரத்தில் விரல் நுனி போய், சிகிச்சைக்கு வெளியே வர வேண்டியதாயிற்று. சாப்பாடு பற்றவில்லை, பசியோடுதான் விவசாயம் பார்த்தார்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவ்வளவு தின்றதில் சிலருக்குத் தோலே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. மகரந்தம் சுமக்க வேண்டிய பூச்சிகள் செத்துப்போக, எறும்பும் கரப்பானும் பெருகின. எட்டுப் பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதில் என்னை உலுக்கியது ஆக்சிஜன் கதைதான். 21 சதவீதத்தில் தொடங்கியது, ஒன்றரை ஆண்டு ஆவதற்குள் 14-ஐ ஒட்டி இறங்கிவிட்டது, மலை உச்சியில் நிற்பதுபோல மூச்சு வாங்க, படியேறவே திணறியிருக்கிறார்கள். வயலுக்குப் போட்ட வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டன. அப்படியென்றால் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்க வேண்டுமே, அந்த அளவுக்கு ஏறவில்லை, எங்கே போயிற்று என்று கொஞ்ச நாள் யாருக்கும் புரியவில்லை. கடைசியில் பார்த்தால் கட்டடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது, அதோடு அந்த ஆக்சிஜனும் சுவருக்குள் போய்விட்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் கொண்டுவந்து ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். சுவர் மூச்சை விழுங்கும் என்று அத்தனை விஞ்ஞானிகளில் ஒருவரும் முன்கூட்டி நினைக்கவில்லை. விண்மீன்களுக்கு நடுவில் இப்படி நடந்தால் எந்த லாரி வரும்?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் தண்ணீரை 98 சதவீதம் வரை மீட்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள், பெரிய சாதனைதான். ஆனாலும் உணவும் உதிரிப் பாகமும் இன்னும் கீழேயிருந்துதான் போகின்றன. ஒரே மூச்சில் அதிக நாள் விண்வெளியில் இருந்தவர் வலேரி பொல்யகோவ், 1994-95-இல் 437 நாள். 6,300 ஆண்டுக்குப் பக்கத்தில் இதை எங்கே வைப்பது?

மொழியையும் யோசித்துப் பாருங்கள். 2,000 ஆண்டுப் பழைய சங்கப் பாட்டைப் படிக்கவே நமக்கு உரை வேண்டியிருக்கிறது. அதைப்போல மூன்று மடங்கு காலம் கழித்துப் பிறக்கும் ஒரு பெண், முதல் தலைமுறை எழுதி வைத்த பழுதுபார்ப்புக் குறிப்பை எடுத்து வால்வைச் சரிசெய்ய வேண்டும். அவளை யாரும் கேட்டுக்கொண்டு கப்பலில் ஏற்றவில்லை என்பது எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. நடுவில் பிறந்து நடுவிலேயே சாகப்போகிறவர்களுக்காக நாம் முடிவெடுக்கலாமா? எனக்கு இன்றைக்குத் தோன்றுவது, கூடாது என்பதுதான், அவர்களுக்கு நல்ல காற்றாவது நிச்சயம் என்று சொல்ல முடியாத வரைக்கும்.

பயோஸ்பியர் 2-வின் இரண்டாவது குழு 1994-இல் ஆறே மாதத்தில் நிர்வாகச் சண்டையில் நின்றுபோனது. இப்போது அந்தக் கூடாரம் அரிசோனா பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது, நல்ல ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் ஆளை உள்ளே விட்டுப் பூட்டுவதில்லை. பெய்ஜிங்கில் 2017-18-இல் மாணவர்கள் நான்கு நான்கு பேராக மாறி மாறி 370 நாள் ஒரு மூடிய கூடத்தில் தாங்களே பயிர் வளர்த்து இருந்து காட்டினார்கள். கப்பலைத் தள்ளும் லேசர், அணு எஞ்சின் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த மாதிரிச் சோதனைகளுக்குத்தான் பணம் போக வேண்டும். ஐம்பது பேர், பத்து ஆண்டு, பாதியில் யார் வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்ற உரிமையோடு.