ரிப்போர்ட் வரும்வரை

மார்ச் 4
அப்பாவுக்கு சிஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோய். லிம்போசைட் என்ற வெள்ளணு 61,000. ஜனவரியில் 48,000 இருந்தது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், பார்த்துக்கொண்டே இருப்போம் என்கிறார் டாக்டர். நோய் செல்களில் எந்தக் குரோமோசோம் துண்டு தொலைந்திருக்கிறது என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்டுக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 5
எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா நன்றாகத் தூங்குகிறார்.

மார்ச் 7
பெருகுவதைவிட, சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் தங்கிவிடுவதுதான் இந்த செல்களின் பெரிய சிக்கல் என்று படித்ததிலிருந்து வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. பிசிஎல்-2 என்ற புரதம் செல்லைச் சாகவிடாமல் காக்கிறது, அதை அளவோடு வைத்திருக்கும் வேலையில் மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 22 எழுத்து நீளம்தான். இவற்றிலிருந்து எந்தப் புரதமும் உருவாகாது. புரதம் செய்யச் சொல்லிப் போகும் செய்தி ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்கவிடாமல் செய்யும், இல்லையென்றால் சிதைய வைக்கும். இரண்டும் இருப்பது 13ஆம் குரோமோசோமில், 13க்யூ14 என்ற இடத்தில். சிஎல்எல் வந்தவர்களில் பாதிக்கும் மேலானவர்களின் நோய் செல்களில் அந்தத் துண்டு தொலைந்திருக்கிறது. அங்கே ஏதோ ஒரு புரத ஜீன் இருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் தேடியிருக்கிறார்கள், உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. 2002இல்தான் ஜார்ஜ் காலினும் கார்லோ க்ரோச்சேயும் அவர்கள் குழுவும் தொலைந்தது இந்தச் சின்னவை என்று காட்டினார்கள். புற்றுநோயோடு மைக்ரோ ஆர்என்ஏவை முதன்முதலில் சேர்த்துப் பார்த்தது அங்கேதான். பிசிஎல்-2 தொடர்பு தெரிய 2005 ஆனது.

இவ்வளவு சின்னது இல்லாமல் போனதற்கா இத்தனையும்?

மார்ச் 8
"செல் சாகாம இருந்தா நல்லதுதானேம்மா?" என்று அப்பா கேட்டார். மஜ்ஜையில் அதுவே நிறைந்துவிட்டால் சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் இடம் இருக்காதுப்பா என்றேன். சரி என்று தலையாட்டினார். அப்புறம் வெகுநேரம் பேசவே இல்லை.

மார்ச் 10
போன் வரவில்லை.

மார்ச் 11
இன்று மனது கொஞ்சம் லேசாக இருந்தது, நோயை விட்டுவிட்டு ரத்தம் எப்படி உருவாகிறது என்று மட்டும் படித்தேன். ஒரே மூலச்செல்லிலிருந்து இத்தனை வகை ரத்த அணுக்கள் பிரிந்து வருகின்றன, எது எதுவாக ஆகவேண்டும் என்பதில் இந்தச் சின்ன ஆர்என்ஏக்களின் கை இருக்கிறது. 2004இல் எலியின் மஜ்ஜையில் மிர்-181ஐ அதிகமாக்கிப் பார்த்தபோது பி செல்கள் என்ற ஒரு வகை லிம்போசைட்கள் கூடின. மிர்-223 நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை அடக்கி வைக்கிறது. மிர்-150தான் என்னை அசத்தியது. முதிர்ந்த பி செல்லில் அது இருக்கத்தான் வேண்டும், ஆனால் வளரும்போதே முந்திக்கொண்டு வந்துவிட்டால் சி-மிப் என்ற புரதத்தைக் குறைத்து பி செல் வளர்ச்சியையே பாதியில் நிறுத்திவிடுகிறது. நல்லது கெட்டது என்று பிரிக்கவே முடியவில்லை, எல்லாம் நேரம்தான்.

சிவப்பணுவில் மிர்-451. மற்றவற்றில் பெரும்பாலானவை டைசர் என்ற நொதியால் வெட்டுப்பட்டு வருகின்றன, இது மட்டும் அதைத் தாண்டிப் போய் ஆர்கோநாட்-2 என்ற புரதத்தால் வெட்டுப்படுகிறது. சிவப்பணு தன் கருவையே வெளியே தள்ளிய பிறகும் இது உள்ளே ஏராளமாக இருக்கிறது. அதனால் எடுத்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் குழாயில் உடைந்தால், ரத்தத்தின் நீர்ப்பகுதியான சீரத்தில் மைக்ரோ ஆர்என்ஏ அளப்பவர்களுக்குக் கணக்கே மாறிவிடுமாம்.

இதைப் படித்ததும் அப்பாவிடம் எடுத்த ரத்தம் உடைந்திருக்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. ஃபிஷ் டெஸ்டில் சிவப்பணுக்களை அவர்களே உடைத்துவிட்டுத்தான் வெள்ளணுக்களின் கருவைப் பார்ப்பார்கள். தெரிந்தும் பயம் போகவில்லை.

மார்ச் 13
தேதியைப் பார்த்ததும் குரோமோசோம் ஞாபகம் வந்தது.

மார்ச் 14
தொலைந்ததைத் திரும்பக் கொடுத்துவிட்டால் என்ன? காலையிலிருந்து இதே கேள்வி. மிர்-34ஏ என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏவைப் போலவே ஒன்றைச் செய்து மருந்தாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நோயெதிர்ப்பு அமைப்பு கடுமையாகத் திரும்பியதால் 2016இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். வாசிக்கும்போது கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அதே 2016இல்தான் வெனெட்டோகிளாக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி. அது நேராக பிசிஎல்-2வில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தொலைந்துபோன இரண்டும் அடக்கி வைத்திருந்த அதே புரதம். இந்த ஒரு வரியை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பேன்.

மார்ச் 16
17பி, அதாவது 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு. இன்றைக்கு முழுக்க இதுதான். அந்தத் துண்டு போனால் கெட்டுப்போன செல்லைச் சாகவைக்கும் பி53 என்ற புரதம் போகும், பி53 போனால் மிர்-34ஏவைத் தூண்டும் கையும் போகும், பழைய கீமோ மருந்துகளும் சரியாக எடுபடாது. 2000இல் வந்த ஜெர்மன் ஆய்வில் 325 பேரைப் பார்த்திருக்கிறார்கள். 13க்யூ இழப்பு 55 சதவீதம் பேருக்கு, 17பி இழப்பு 7 சதவீதம் பேருக்கு. 13க்யூ மட்டும் போனவர்கள்தான் எல்லோரையும்விட நீண்டகாலம் இருந்தார்கள். அப்பாவுக்கு 17பி இழப்பு இருக்கக் கூடாது, அது மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டி பெரிதானமாதிரி இருக்கிறது. தொட்டுப் பார்க்கக் கேட்டால் சிரிக்கிறார்.

மார்ச் 17
படி ஏறும்போது நடுவில் நின்றார். ஒன்றுமில்லை என்றார். ஹீமோகுளோபின் 11.8.

மார்ச் 18
எதுவும் படிக்கவில்லை.

மார்ச் 19
ரிப்போர்ட் தயார், போனில் சொல்ல மாட்டார்களாம். நாளை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அண்ணனும் வருகிறான். கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன், அங்கே போனால் எல்லாம் மறந்துவிடும்: 17பி, 11க்யூ, 13க்யூ இழப்பு எத்தனை சதவீத செல்களில், ஐஜிஎச்வி ஜீன் மாறியிருக்கிறதா என்று பார்த்தார்களா, இரண்டு மாதத்தில் 13,000 கூடியது வேகமா, அப்பா கூப்பிடுகிறார்