இலையா, பெட்டியா?

மொரீஷியஸில் இருப்பது ஒரே பெரிய குப்பைக்கிடங்கு, தென்கிழக்கே மார் சிக்கோஸ். 1997 முதல் தீவின் கழிவெல்லாம் அங்கேதான் குவிகிறது. எங்கள் பல்கலைக்கழக உணவகமும் தன் பங்கைத் தவறாமல் அனுப்புகிறது. 2021 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபின் காகிதப் பெட்டிகள் வந்தன. எண்ணெய் ஊறிய காகிதத்தை யார் மறுசுழற்சிக்கு எடுப்பார்கள்?

காவடித் திருவிழாவில் கோவிலுக்கு வருகிற அத்தனை பேருக்கும் ஏழு வகைச் சைவக் கறியையும் வாழையிலையில்தான் பரிமாறுகிறோம். உண்ட இலை மண்ணுக்கே போய்விடுகிறது. பல்கலைக்கழகப் பசுமைக் குழுக் கூட்டத்தில், உணவகத்திலும் இப்படிச் செய்யலாமே என்று சொன்னதும் சிரித்தார்கள். பேராசிரியர்கள் இலையில் முள்கரண்டியோடு போராடுவதை நினைத்து நானும் சிரித்தேன். கடைசியில் எவர்சில்வர் தட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். யார் கழுவுவது என்பதில்தான் இப்போது வாக்குவாதம்.

என் பெரிய கவலை குளிர்சாதனங்கள். இங்கே குளிர்காலமான ஜூலையிலும், பல்கலைக்கழகம் இருக்கும் மோக்காவில், ஆளில்லாத வகுப்பறைகளில் அவை ஓடுகின்றன. அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வருவது.