ஒரு போன், ஒரு புரொஜெக்டர்: பயிற்சிக் கால நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்பு, தமிழ் வழி, அறிவியல். ஒரு பிரிவில் 40 பேர். இருப்பவை: புரொஜெக்டர் ஒன்று, மடிக்கணினி ஒன்று, ஆசிரியரின் போன் ஒன்று. மாணவர் கையில் எதுவும் கிடையாது. கணினி ஆய்வகம் உண்டு. வாரத்தில் ஒரு பாடவேளைதான் நமக்குக் கிடைக்கும். பி.எட். வகுப்பில் சொல்லித்தரும் செயலிகளில் பாதி, ஆளுக்கொரு திரை இருக்கும் அறைக்கானவை. அவற்றை இப்போதே தள்ளி வைத்துவிடலாம்.

புரொஜெக்டர் பழைய 4:3 வகை, 1024க்கு 768. ஸ்லைடு 16:9 அளவில் இருந்தால் மேலும் கீழும் பட்டை விழுந்து எழுத்து சிறுத்துவிடும். எழுதத் தொடங்கும் முன்பே ஸ்லைடு அளவை 4:3 ஆக்க வேண்டும். முடித்தபின் மாற்றினால் படங்கள் நசுங்கும், பெட்டிகள் இடம் மாறும்.

பச்சைப் பலகையின் மீது காட்டக் கூடாது, ஒளியைக் குடித்துவிடும். வழவழப்பான வெள்ளைப் பலகையில் நடுவே கண் கூசும் ஒரு பொட்டு விழும். சுண்ணாம்பு அடித்த சுவர் இரண்டையும்விட மேல். கிழக்கு ஜன்னல் உள்ள அறையில் முதல் இரண்டு பாடவேளைகளில் கறுப்புப் பின்னணி ஸ்லைடு வேலைக்கு ஆகாது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, வேறு அலங்காரம் வேண்டாம்.

விளக்கு வகை புரொஜெக்டர் மின்வெட்டில் பட்டென்று அணைந்தால், மின்சாரம் வந்த உடனே திரும்ப எரியாது. விளக்கு ஆற வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கரும்பலகையில் செய்ய ஒரு கணக்கைப் பாடக்குறிப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 9, புதன்

எழுத்தின் அளவு. கடைசி பெஞ்சு சுவரிலிருந்து 8 மீட்டர். தூரத்தில் 200இல் ஒரு பங்கு எழுத்து உயரம் என்று வைத்துக்கொண்டால், சுவரில் 4 செ.மீ. வேண்டும். படம் 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் விழுகிறது. கணக்குப் போட்டால் ஸ்லைடில் 28 புள்ளிக்குக் கீழே இறங்க இடமில்லை. ஆங்கிலத்துக்கு 24 போதும் என்பார்கள். தமிழில் ண, ன, ணை, னை என்று சுழி எண்ணிப் படிக்க வேண்டியிருப்பதால் போதாது. ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் போகவில்லை என்றாலே பெரும்பாலான சிக்கல் தீர்ந்துவிடும்.

எழுத்துரு அடுத்த தலைவலி. பள்ளியில் இருக்கும் பழைய வினாத்தாள்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கிய பிறகே எங்கும் ஒட்ட வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் வேறு விதத் தொல்லை: கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். பத்து வரிதான் என்றால் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுவதே வேகம்.

ஸ்லைடை முடித்ததும் பிடிஎஃப் ஆகவும் ஒரு நகல். எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது. அசைவூட்டம் போய்விடும்; போகட்டும்.

ஜூலை 14, திங்கள்

பாடநூலின் க்யூஆர் குறியீடுகள். 2018இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்தே இவை உண்டு. கசங்கிய பக்கத்திலோ மங்கிய அச்சிலோ கேமரா பிடிக்காவிட்டால், குறியீட்டோடு அச்சாகியிருக்கும் ஆறு எழுத்துக் குறியைத் திக்ஷா என்ற அரசுக் கற்றல் செயலியில் தட்டிவிடலாம். முந்தின இரவே வீட்டில் பதிவிறக்கி வைக்க வேண்டும். வகுப்பில் நேரடியாக ஓடவிட்டால் சுற்றும் வட்டத்தை 40 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழு நிமிடக் காணொளியை முழுக்கக் காட்டத் தேவையில்லை. வேண்டிய ஒன்றரை நிமிடத்தின் தொடக்கத்தையும் முடிவையும் பாடக்குறிப்பில் எழுதிவிடுவது நல்லது. முதல் முறை ஒலியில்லாமல் ஓட்டி, என்ன நடக்கிறது என்று மாணவரைச் சொல்லவிட்டு, பிறகு ஒலியோடு.

ஜூலை 17, வியாழன்

மின்னோட்டவியல், நான்காம் அலகு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்களில் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) மின்சுற்று கட்டும் பெட்டி. இதைத்தான் இத்தனை நாள் பார்த்ததில் முதலிடத்தில் வைப்பேன். ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாகப் பதிவிறக்கலாம், பென்டிரைவில் வைத்து இணையம் இல்லாமல் உலாவியில் திறக்கலாம். உலாவி பழையதாக இருந்தால் வெற்றுப் பக்கம் வரும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஓடாது.

திறந்தவுடன் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. உருவகம் தொடக்கத்தில் எலக்ட்ரான்கள் ஓடுவதைக் காட்டும். பாடநூல் படமோ நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போகும் மரபு மின்னோட்டத்தைக் காட்டுகிறது. மாற்றாமல் விட்டால் திசை எதிராக இருப்பதைக் கூர்மையான பிள்ளை உடனே கேட்கும், மற்றவர்கள் கேட்காமல் குழம்புவார்கள். முதல் நாள் மரபுத் திசை. எலக்ட்ரானை அடுத்த வகுப்பில் வேண்டுமென்றே திறந்து, ஏன் எதிர் என்று பேசலாம்.

மின்கலம் 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று தொடங்கும். ஒரு பல்பு: 0.9 ஆம்பியர். தொடரில் இரண்டு: 0.45. பக்க இணைப்பில் இரண்டு: கிளைக்கு 0.9, மொத்தம் 1.8. மூன்றையும் காட்டும் முன் ஒவ்வொன்றிலும் எண்ணை நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். முதலில் ஊகம், பிறகு அம்மீட்டர். இந்த வரிசை தலைகீழானால் வகுப்பு வேடிக்கை பார்க்கும் இடமாகிவிடுகிறது.

குறுக்குச் சுற்றில் தீ எரியும் படம் வரும். வகுப்பே ஆர்ப்பரிக்கும். அதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைக்காவிட்டால் மற்ற எதையும் நடத்த முடியாது.

ஜூலை 18, வெள்ளி

நேற்றையதற்கு ஒரு பின்னிணைப்பு. உருவகத்தின் பல்பு மாறாத 10 ஓம் தடையாக நடந்துகொள்கிறது. உண்மையான பல்பு அப்படியில்லை. 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்த டார்ச் பல்பு எரியும்போது அதன் தடை 8.3 ஓம். அதையே எரியாத நிலையில் மல்டிமீட்டரால் அளந்தால் ஒன்றிரண்டு ஓம்தான் காட்டும். இழை சூடாக ஆக தடை கூடுகிறது. உருவகத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு இது தெரியவே வராது. ஆகவே பல்பு, இரண்டு மின்கலம், மல்டிமீட்டர் மூன்றும் மேசையில் இருக்கட்டும். ஓம் விதியின் வரைபடத்துக்குப் பல்பை எடுக்காமல் மின்தடையாக்கியை எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

ஜூலை 23, புதன்

பிளிக்கர்ஸ் என்ற வினாடிவினாச் செயலிக்கான அட்டை தயாரிப்பு. மாணவர் கையில் காகித அட்டை, ஆசிரியர் கையில் மட்டும் போன். அட்டையில் சதுரங்களால் ஆன ஒரு வடிவம், நான்கு விளிம்பிலும் ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேலே இருக்கிறதோ அதுவே விடை. போன் கேமராவை வகுப்பு முழுக்க ஓட்டினால் யார் எதைத் தேர்ந்தார் என்று எண்ணி வைத்துவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால், பக்கத்துப் பிள்ளை பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை.

இலவசத் தொகுப்பில் 40 அட்டை. ஒரு ஏ4 தாளில் இரண்டு, ஆக 20 தாள். லேசர் அச்சு வேண்டும். மை தீரும் நிலையில் உள்ள அச்சுப்பொறியில் கறுப்பு சாம்பலாகி, பின்வரிசை அட்டைகளைக் கேமரா தவறவிடும். பழைய நோட்டு அட்டையில் ஒட்டினால் வளையாது. பளபளப்பான லேமினேஷன் கூடவே கூடாது: ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டால் கேமராவுக்கு வடிவம் தெரியாது. மங்கல் வகை உறை கிடைத்தால் போடலாம், இல்லையேல் அப்படியே விடலாம்.

பாடநூலில் விடைகள் அ, ஆ, இ, ஈ என்றே இருக்கும். ஏ என்பது அ, பி என்பது ஆ என்று மனத்தில் மாற்றிக்கொண்டிருக்கையில் சரியான விடை தெரிந்த பிள்ளையும் தவறான பக்கத்தைத் தூக்கும். ஆங்கில எழுத்தின் பக்கத்திலேயே, அதே சிறிய அளவில், பேனாவால் அ, ஆ, இ, ஈ எழுதிவிட்டால் போயிற்று. கறுப்பு வடிவத்தைப் பேனா தொடக் கூடாது. வெள்ளை ஓரமும் வடிவத்தைச் சேர்ந்ததுதான், அதில் பெரிதாகக் கிறுக்கவும் கூடாது.

அட்டை எண் = வருகைப் பதிவேட்டு எண். பெயர் இடத்திலும் எண்ணையே போட்டால் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பிள்ளையின் பெயரை ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்ற நமக்கு என்ன அவசியம்?

ஜூலை 25, வெள்ளி

வகுப்பில் அட்டையை மார்போடு பிடித்தால் முன்வரிசைத் தலைகள் மறைக்கும். தலைக்கு மேல் தூக்க வேண்டும். விரல் ஓரத்தில் மட்டும். கேமராவை இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு மெதுவாக ஒரே வீச்சு, பிறகு விடுபட்ட எண்களைத் திரையில் பார்த்து அவர்களை மட்டும் தூக்கச் சொல்வது. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விதான். 40 நிமிடப் பாடவேளைக்கு மூன்றே அதிகம்.

கருவியைவிடக் கேள்விதான் வேலை வாங்குகிறது. ஓம் விதியின் வாய்பாட்டைக் கேட்டால் 40 அட்டையும் ஒரே பக்கம் நிற்கும், நமக்கு எதுவும் தெரியவராது. இப்படிக் கேட்கலாம்: ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடரிணைப்பில். எது அதிகமாக ஒளிரும்? அ) நேர்முனைக்கு அருகில் உள்ளது. ஆ) எதிர்முனைக்கு அருகில் உள்ளது. இ) இரண்டும் சமம். ஈ) இரண்டாவது எரியாது. அ-வைத் தூக்குபவர், முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது என்று நினைக்கிறார். ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னும் இப்படி ஒரு நினைப்பு இருந்தால்தான் அந்த விடைக்கு இடம் கொடுக்க வேண்டும்.

இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் ஹார்வர்டில் 1991 முதல் கையாண்ட முறை இங்கேயும் பொருந்தும். சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டை. 30க்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, திரும்ப நடத்த வேண்டும். 70க்கு மேல் என்றால் ஒரு வரி விளக்கம் போதும். முதல் சுற்றின் வரைபடத்தைச் சுவரில் காட்டவே கூடாது. காட்டினால் இரண்டாம் சுற்றில் எல்லோரும் உயரமான பட்டையோடு சேர்ந்துகொள்வார்கள்.

ஜூலை 30, புதன்

கணினி ஆய்வகத்தில் கூகுள் ஃபார்ம்ஸ், கஹூட் என்ற வினாடிவினா விளையாட்டு. சுருக்கமாக.

ஃபார்மில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால் கூகுள் கணக்கு கேட்கும். பிள்ளைகளிடம் கணக்கு இல்லை. அணைத்துவிட்டு, முதல் கேள்வியாகப் பதிவு எண்ணைக் கேட்கலாம். போனில் எடுத்த 3 எம்பி படத்தை அப்படியே வைத்தால் 20 கணினியும் ஒரே நேரத்தில் 60 எம்பி இழுக்கும். ஒரு படம் 100 கேபிக்குள் வர வேண்டும்.

ஒரு சொல் விடையைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லித் தானாகத் திருத்தவிடுவது ஆபத்து. 'னோ' என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று தனித்தனியாகச் சேர்த்தும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினி வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஔ' வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டாக அடிப்பதும் இதே ரகம். தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியே பாதுகாப்பு.

கஹூட்டில் கேள்விக்கு 120 எழுத்து, விடைக்கு 75. 'மின்னோட்டம்' நம் கணக்கில் ஆறு எழுத்து, யூனிகோடில் பதினொன்று. நீளமான தமிழ்க் கேள்வி பாதியில் நின்றுவிடும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கஹூட்டில் 'கேள்வி 3' என்று மட்டும் போடுவது எளிய வழி. 20 நொடிக் கெடுவையும் 60 ஆக்க வேண்டும். வேகத்துக்கு மதிப்பெண் தரும் விளையாட்டு என்பதால் மெதுவாக யோசிக்கும் பிள்ளைகள் மூன்றாம் கேள்வியிலேயே விட்டுவிடுகிறார்கள். இயற்பியலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போனையே ஆவணக் கேமராவாக்குதல். ஆய்வகத் தாங்கியில் பியூரெட் பிடிப்பான், அதில் போன், கேமரா கீழ்நோக்கி, மேசையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில். பிடிப்பான் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தாதபடி இடையில் ரப்பர் துண்டு. போன் எடையில் தாங்கி சாயும், அதன் அடித்தட்டின் மேல் ஒரு செங்கல்.

மடிக்கணினியில் ஸ்கிரீன் காப்பி எனப்படும் இலவச நிரல், இணைப்பு யூஎஸ்பி கம்பி. இணையம் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் 'பில்டு எண்' என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். கம்பியைச் செருகியதும் போனில் வரும் அனுமதிக் கேள்விக்குச் சரி கொடுக்காவிட்டால் கணினியில் எதுவும் வராது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கம்பியாலும் வேலை நடக்காது. விமானப் பயன்முறை கட்டாயம், இல்லாவிட்டால் வீட்டு வாட்ஸ்அப் சுவரில் ஓடும். திரையில் நீண்ட நேரம் அழுத்திக் குவியத்தைப் பூட்டிவிட்டால், கை நடுவே வரும்போதெல்லாம் படம் மங்காது.

மல்டிமீட்டர் எண், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அடுக்குவது, வெர்னியர் அளவுகோலின் கோடு பொருந்துமிடம்: முன்பு நான்கு பேர் நான்கு பேராக மேசைக்கு அழைத்துக் காட்டியது எல்லாம் ஒரே நேரத்தில் 40 பேருக்கும் தெரிகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒலியியல். ஃபைஃபாக்ஸ் செயலி, ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்தது. இலவசம், இணையம் வேண்டாம். அதிலுள்ள ஒலி நிறுத்துக்கடிகாரம் ஒரு சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு போன் வேண்டும், வழிகாட்டி ஆசிரியரின் போனும் சேர்ந்தது.

மைதானத்தில் 5 மீட்டர் இடைவெளியில் இரு போன்கள். முதல் போன் அருகே ஒருவர் கைதட்ட, இரண்டு கடிகாரமும் தொடங்கும். இரண்டாம் போன் அருகே இன்னொருவர் தட்ட, இரண்டும் நிற்கும். முதல் போன் காட்டும் நேரம் கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒலி 10 மீட்டர் போகும் நேரம். 30 டிகிரி வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர் அளவில் இருப்பதால், வித்தியாசம் 0.029 நொடி அளவில் வர வேண்டும்.

வராவிட்டால் காரணம் பெரும்பாலும் நிற்கும் இடம். தட்டுபவர் இரு போன்களுக்கும் இடையே நின்றால் தூரம் குறைந்து வேகம் கூடுதலாக வரும். போனுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில் நின்று தட்டினால், எவ்வளவு பின்னால் நின்றாலும் கணக்கு கெடாது. ஏன் என்று யோசிக்கச் சொல்வதே நல்ல வீட்டுப்பாடம். அடுத்த காரணம் வாசல் அளவு, அதாவது எவ்வளவு சத்தத்துக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்று செயலியில் வைக்கும் எண்: இரண்டு போனிலும் ஒரே எண் இருக்க வேண்டும், பேச்சுச் சத்தத்துக்கு ஓடாத அளவுக்கு உயர்வாகவும் இருக்க வேண்டும். வராந்தாவில் செய்தால் எதிரொலியே கடிகாரத்தை நிறுத்திவிடும். காற்று பலமாக அடிக்கும் நாளில் மைக்கில் காற்று மோதியே கடிகாரம் ஓடத் தொடங்கும், அன்றைக்கு இந்தச் சோதனையைத் தள்ளிவைக்க வேண்டியதுதான்.