துளைக்குத் தெற்கே

கடற்பனி மீது, அதாவது உறைந்த கடல்நீரின் மீது, நான் வேலைக்கு இறங்கிய முதல் நாள் காலை, குழுத்தலைவி எங்களை நிறுத்திவைத்து ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்: "துளைக்குத் தெற்கே யாரும் கால் வைக்காதீர்கள்." துப்பாக்கிப் பயிற்சி, கரடி எதிரே வந்தால் என்ன செய்வது, பனி உடைந்து நீரில் விழுந்தால் எப்படி ஏறி வருவது எல்லாம் முந்தைய வாரமே முடிந்திருந்தன. அவற்றைச் சொன்னபோது இருந்ததைவிட இதைச் சொன்னபோது அவர் குரலில் கண்டிப்பு அதிகம். ஏன் என்று எனக்கு உறைக்க நான்கு நாள் ஆனது. அதற்கு ஒரு நாள் உழைப்பைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது.

இடம், ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள வான் மியென் ஃபியோர்டு, மலைகளுக்கிடையே உள்நீளும் ஒரு கடற்கழி. அதன் வாயில் அக்செலோயா என்னும் நீளமான தீவு கதவு போலக் குறுக்கே கிடக்கிறது. வெளிக்கடலின் அலை உள்ளே அதிகம் வராது. அதனால் குளிர்காலத்தில் உறையும் பனி கரையோடு ஒட்டியபடி வசந்தம் வரை நிற்கும். நாங்கள் போனது ஏப்ரல் கடைசியில். சூரியன் மறைவதை நிறுத்திவிட்டிருந்தது. நள்ளிரவிலும் வடக்கே மலைக்கு மேல் தாழ்ந்து நிற்கும்.

வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மேலே விழும் ஒளியில் எத்தனை சதவீதம் பனியைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது? இதற்கு ஒளியை அளக்கும் ரேடியோமீட்டர்கள் இரண்டு. ஒன்று பனிக்கு மேலே முக்காலியில், ரசமட்டம் வைத்துச் சமன் செய்து வானத்தைப் பார்த்து நிற்கும். இன்னொன்று பனிக்கு அடியில் போக வேண்டும். கால் மீட்டர் அகலத்தில் துளை போட்டு, நடுவில் மடங்கும் அலுமினியக் கை ஒன்றை அதன் வழியே இறக்குவோம். கயிற்றை இழுத்தால் கீழ்ப்பாதி மெல்லக் கிடைமட்டமாக எழும். அதன் நுனியில் இருக்கும் உணரி, துளையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, பனியின் அடிப்பரப்பை ஒட்டி மேலே பார்த்தபடி நிற்கும். கை எப்போதும் தெற்கு நோக்கித்தான் நீளும். நடுப்பகலில் சூரியன் தெற்கே இருப்பதால் எங்கள் நிழல் வடக்கே விழுந்துவிடும். துளை வழியாகவும் ஒளி கசியும். அதனால் அதன் வாயை வெண்பனியால், அதாவது கடற்பனியின் மேல் விழுந்து கிடக்கும் பஞ்சுப் பனியால், மூடிவிடுவோம். இரண்டு உணரிகளும் ஒரே நொடியில் படிக்க வேண்டும். இடையில் ஒரு மேகம் கடந்தால் கணக்கு கெட்டது.

நான்காம் நாள் துளை போடும் பொறுப்பு என்னுடையது. டிரில் இறங்க இறங்க, சீவல் வெள்ளை வெள்ளையாகப் பொங்கி மேலே வரும். கடைசியில் கீழிருந்து நீர் குபுக்கென்று ஏறும். அது வந்தால் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியில் மண்வெட்டியை எடுத்துச் சீவலையெல்லாம் தள்ளி ஒதுக்கினேன். எந்தப் பக்கம்? தெற்குப் பக்கம். கால் வைக்கவில்லை. மண்வெட்டியால் மட்டும் தள்ளினேன். நண்பர்கள் வடக்கே ஸ்லெட்ஜில் கருவிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. காற்று அதைத் தட்டையாகப் பரப்பிவிட்டது. மூன்று மணி நேரம் அளந்தோம். பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கி, மாற்றி மாற்றிப் போட்டு அளந்தோம்.

இரவு குடிலில், எந்த நிற ஒளி எவ்வளவு என்று காட்டும் நிறமாலைக் கோடுகளை வரைந்தபோது அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட இருட்டாக இருந்தது. உணரியில் கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் போய் அளவுக்கோலைக் குத்தினேன். துளை போடும் முன் நோட்டில் எழுதிய வெண்பனி ஆழம் 9 சென்டிமீட்டர். இப்போது கோல் 17 வரை இறங்கியது. கையால் விலக்கிப் பார்த்தேன். மேலே கரடுமுரடான ஐஸ் சீவல், அடியில் மெத்தென்ற வெண்பனி. குழுத்தலைவியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நோட்டில் அந்த நாளின் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, காரணத்தையும் எழுதிவிட்டு, இருபது அடி தள்ளிப் புதுத் துளை போடச் சொன்னார். அந்தக் கோடு என் நினைவில் அப்படியே இருக்கிறது.

எட்டு சென்டிமீட்டர் தூள் அவ்வளவு செய்யுமா? செய்யும். தெளிந்த கடற்பனியில் ஒளி ஓரளவு இறங்கிச் செல்லும், குறிப்பாக நீலமும் பச்சையும். வெண்பனியிலோ, அதைப் போன்ற சீவலிலோ, ஒவ்வொரு சின்னத் துகளின் பரப்பும் ஒளியைச் சிதறடிக்கிறது. மில்லியன் கணக்கான துகள்களுக்கு இடையே மோதி மோதி, ஒளியில் பெரும்பகுதி வந்த வழியே மேலே திரும்பிவிடும். அதே தூரத்துக்குள் கடற்பனியைவிட வெண்பனி சுமார் பத்து மடங்கு வேகமாக ஒளியை மங்கச் செய்கிறது. புது வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் 85 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். திறந்த கடல் திருப்பி அனுப்புவது 7 சதவீதம் போல. ஆர்க்டிக் என்றதும் எல்லோரும் பனி எவ்வளவு தடிமன் என்றுதான் கேட்கிறார்கள். கீழே இருக்கும் உயிருக்கு அதைவிடப் பெரிய கேள்வி, மேலே எவ்வளவு வெண்பனி கிடக்கிறது என்பது.

பிறகு வேண்டுமென்றே வெண்பனியை அகற்றியும் அளந்தோம். உணரிக்கு நேர் மேலே சதுரமாக, மண்வெட்டியின் முனையால் சுரண்டிச் சுரண்டி. திரையில் எண் பல மடங்கு எகிறியது. அடியில் இருந்த பாசிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நெஞ்சு கனத்தது. மாதக்கணக்கில் இருட்டுக்குப் பழகிய உயிர், திடீரென்று கூரை பிய்ந்த வீட்டில் நிற்பது போல.

ஆமாம், அங்கே பாசி இருக்கிறது. பனியின் அடியில் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில், உப்புநீர்க் கால்வாய்களுக்குள், டயாட்டங்கள் என்னும் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. மேலே விழுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஒளி போதும், அவை வளரத் தொடங்கிவிடும். அவை குடித்த ஒளி எங்கள் நிறமாலைக் கோட்டிலும் தெரியும்: 440 நானோமீட்டர் அருகே ஒரு பள்ளம், 670 அருகே ஒரு பள்ளம். பாசியைத் தொடாமலே அது எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் பள்ளத்தின் ஆழம் ஓரளவு சொல்லிவிடும். இந்தப் பாசியைத் தின்று கலானஸ் என்னும் சிறு துடுப்புக்காலி, இறால் இனத்துக்கு உறவான மிதவை உயிர், முட்டையிடுகிறது. குஞ்சுகள் வெளிவரும்போது நீரில் மிதக்கும் பாசி பெருகியிருக்க வேண்டும். பனிப் பாசிக்கும் மிதக்கும் பாசிக்கும் ஒளிதான் நேரம் குறிக்கிறது. பனி மெலிந்து ஒளி முன்கூட்டியே இறங்கினால் இரண்டும் பெருகும் காலங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறிவிடும். குஞ்சுகளுக்குச் சாப்பாடு இருக்குமா இருக்காதா என்பது அதில்தான் நிற்கிறது.

பனி மெலிந்துகொண்டுதான் இருக்கிறது. 2011 கோடையில் போலார்ஸ்டெர்ன் என்னும் ஜெர்மன் ஆய்வுக் கப்பலில் போனவர்கள், ஒரே ஒரு குளிர்காலம் கண்ட பனி ஒளியில் 11 சதவீதத்தையும், பல ஆண்டு பழைய பனி 4 சதவீதத்தையும் கீழே விடுவதை அளந்தார்கள். பழைய பனி போய் இளம் பனி வந்தால் கடலுக்குள் ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சம். உருகுநீர்க் குட்டைகளின் அடியில் அது இன்னும் கூடும். அதே கோடையில் அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே உள்ள சுக்சி கடலில், பனிக்கு அடியிலேயே தாவர மிதவைகள், அதாவது நீரில் மிதக்கும் பாசிகள், பெரும் பூப்பாகப் பெருகியிருந்ததை இன்னொரு குழு கண்டது. அங்கே இருட்டு என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள்.

கடைசி நாள் மாதிரிக்காகப் பனித் தண்டு எடுத்தோம். குழாயைச் சாய்த்ததும் ஒன்பது சென்டிமீட்டர் குறுக்களவில் நீளமாக வழுக்கி வந்தது. முழுக்க வெண்சாம்பல், அடி நுனி மட்டும் டீத்தூள் ஊறிய பழுப்பு. விரல் நகத்தளவு தடிப்பு. குழுத்தலைவி தன் உடம்பாலேயே வெயிலை மறைத்துக்கொண்டு குனிந்து, அந்த நுனியை அறுத்துக் கறுப்புப் பைக்குள் போட்டு முடிச்சிட்டார். அவ்வளவு நேரமும் ஒளி பட்டுவிடக் கூடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு துளையில் சீவலைப் போட்டு நிரப்பினோம், எடுத்த வெண்பனியைக் கோல் வைத்து ஒன்பது சென்டிமீட்டருக்குச் சரியாகத் திரும்பப் பரப்பினோம். பனி ஸ்கூட்டரை வடக்குப் பக்கமாகவே திருப்பினேன்.